ஆச்சி எழுந்து உள்ளே போவது ஏன்?

கேள்வி: மேடம், நாங்கள் பாளையங்கோட்டையில் இருக்கிறோம். கணவருக்கு வெளிநாட்டில் வேலை. வீட்டில் நான், மாமியார், இரண்டு பிள்ளைகள். மகனுக்கு 5 வயது, யுகேஜி படிக்கிறான். ஒன்றரை வயதில் சாப்பாடு ஊட்டுவதற்காக யூடியூப் பழக்கிவிட்டேன். இப்போது தண்ணீர் கேட்டால்கூட அமெரிக்கக்காரன் மாதிரி 'வாரர்' என்கிறான். தமிழில் ழ, ள இரண்டுமே வராது. 'வாலப்பலம்', 'பல்லிக்கூடம்'தான். மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன். ரீல்ஸ் பார்ப்பாள், தோழிகளோடு சேர்ந்து எடுத்தும் போடுவாள். ஒரு வருடமாக அவள் பேச்சே மாறிவிட்டது. மழை பெய்தால் 'வெல்லம் வந்துருச்சு கைஸ்' என்கிறாள். எதைச் சொன்னாலும் கேள்வி கேட்பதுபோல் குரலை மேலே தூக்கி முடிக்கிறாள். தம்பியோடு சண்டை போடும்போது மட்டும் பழைய பேச்சு வந்துவிடும். போன மாதம் அவள் ஆச்சியிடம், 'என் ஃபிரெண்ட்ஸ் வரும்போது இந்த மாதிரி பேசாதீங்க' என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து யாராவது வந்தால் அத்தை எழுந்து உள் அறைக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு பேருக்கும் ஸ்பீச் தெரபி தேவையா? போனைப் பிடுங்கி வைத்துவிட்டால் சரியாகிவிடுமா? கடிதத்தில் எங்காவது எங்கள் ஊர்ப் பேச்சு வந்திருந்தால் மன்னிக்கவும். அது கொஞ்சம் மட்டமாக இருக்கும்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மகனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவன் விஷயம் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை.

அவன் சொல்கிற 'வாரர்' என்ற சொல்லை நீங்களே ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் வருகிற ர, நம் 'மரம்' என்பதில் வருகிற அதே ர. அமெரிக்கர்கள் இந்தச் சொல்லின் நடுவில் வரும் ட ஒலியை நாக்கு நுனியால் ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நம் காதுக்கு அது ர என்றுதான் விழும். அப்படியென்றால் உங்கள் மகனின் நாக்கு நுனி நன்றாக வேலை செய்கிறது. இனி அந்தச் சொல்லின் கடைசி ஒலியைக் கவனியுங்கள். அது நம் ர் இல்லை. நாக்கு எங்கேயும் முட்டாமல், மேலே பின்பக்கமாக எழும்பி நிற்கிற ஒலி. தமிழில் அதற்கு மிக நெருங்கிய சொந்தம் ழ. நாக்கு நுனி மேலே வளைந்து அண்ணத்தை வருடும்போது ழ பிறக்கிறது என்று தொல்காப்பியம் பிறப்பியலில் சொல்கிறது. அழுத்துவதில்லை, வருடுவது. அந்த ஒரு சொல்லே போதும், எந்தப் பிள்ளைக்கும் ழ சொல்லிக்கொடுத்துவிடலாம்.

ஆக, நீங்கள் சொல்வதுபோல அவன் அமெரிக்கக்காரன் மாதிரியே சொல்கிறான் என்றால், ழ ஏற்கெனவே அவன் வாயில் இருக்கிறது. இங்கிலீஷ் சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை வெளியே எடுக்க ஒரு வழி சொல்கிறேன். 'கார்' என்று அவனுடைய கார்ட்டூனில் வருவதுபோலவே சொல்லச் சொல்லுங்கள். கடைசி ஒலியை, கார் ஓடுகிற சத்தம் மாதிரி நீட்டச் சொல்லுங்கள். உதட்டைக் குவிக்க விடாதீர்கள், லேசாகச் சிரித்தபடி இருக்கட்டும். அந்த நீட்டலை நிறுத்தாமல் அப்படியே வாயைத் திறந்து 'அ' என்றால் ழ விழும். முதல் நாளே 'பழம்' வராது. தனி ஒலியாக வந்த பிறகு, 'ழ, ழா, ழி' என்று விளையாடி, அப்புறம் சொல்லுக்குள் கொண்டு வாருங்கள். ஒரு நாளைக்கு 5 நிமிடம் போதும். சாப்பிடும் நேரத்தில் மட்டும் வேண்டாம்.

இங்கே உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் ழ சொல்வது யார்? திருநெல்வேலிப் பேச்சில் வாழைப்பழம் 'வாளப்பளம்'தான். மதுரையிலும் அப்படித்தான். சென்னைப் பக்கம் 'வாயப்பயம்' கேட்கலாம். யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் பெரும்பாலும் ள-தான். உங்கள் பக்கத்து மாவட்டமான கன்னியாகுமரியில் ழ இன்னும் வாயில் நன்றாகப் புழங்குகிறது. அந்தந்த ஊரின் பேச்சு அப்படி, இதில் யார் மேலும் குற்றமில்லை. ஆனால் வீட்டில் கேட்காத ஒலியைப் பிள்ளை எங்கே போய் எடுப்பான்? ழ வராததற்குப் போன் மேல் பழி போட முடியாது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கும்போது, டீச்சரும் நீங்களும் சேர்ந்து அதைப் பிடித்துக்கொடுக்கலாம்.

ள அப்படி இல்லை. அது உங்கள் வீட்டில் நாள் முழுக்கக் கேட்கிற ஒலி. 5 வயதில் ள-வை ல என்று சொல்கிற பிள்ளைகள் ஸ்பீச் தெரபிஸ்டான என்னிடம் நிறைய வருகிறார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்ச நாளில் தானாகத் திருந்திவிடுகிறது. அதுவரை ஒரு விளையாட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அட்டையில் புலி வரையுங்கள், இன்னொன்றில் புளி. (புளி வரைய வராவிட்டால் சமையலறையிலிருந்து ஒரு கொட்டைப் புளியை எடுத்து வந்து வையுங்கள். என் அறையில் அதைத்தான் வைத்திருக்கிறேன்.) முதலில் அவன் பேச வேண்டாம். நீங்கள் 'புளி' என்று சொல்லுங்கள், அவன் எடுக்கட்டும். பத்து முறையில் எட்டு முறை சரியாக எடுத்தால் காது தயார் என்று அர்த்தம். அப்புறம் இடம் மாறுங்கள். அவன் சொல்ல, நீங்கள் எடுங்கள். புளியை நினைத்துக்கொண்டு 'புலி' என்று சொன்னால் புலியையே எடுத்து நீட்டுங்கள். திட்ட வேண்டாம், திருத்தவும் வேண்டாம். 'ஐயோ, இது இல்லம்மா' என்று அவனே நாக்கை மடித்துத் திரும்பச் சொல்வான். பல்லி பள்ளி, வெல்லம் வெள்ளம், கலை களை என்று ஜோடிகளுக்குப் பஞ்சமில்லை.

எப்போது நேரில் காட்ட வேண்டும் என்றால், வெளி ஆட்களுக்கு அவன் பேச்சில் பாதி புரியாமல் போனால், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அடிக்கடி திரும்பாமல் இருந்தால், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கார்ட்டூனில் கேட்ட வசனத்தையே திரும்பத் திரும்பச் சொன்னால், உடனே காட்டுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காது வலி வருகிற பிள்ளை என்றால் முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதித்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டால் வழிகாட்டுவார்கள். தனியாரிடம் போனால், ஸ்பீச் தெரபிஸ்ட் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம். 7 வயது நெருங்கியும் ள வரவில்லை என்றால் அப்போதும் ஒருமுறை காட்டுங்கள்.

ஒன்றரை வயதில் போன் கொடுத்ததை நினைத்து நீங்கள் உங்களையே வருத்திக்கொள்வது கடிதத்தில் தெரிகிறது. கணவர் பக்கத்தில் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிற வீட்டில் ஒரு வேளைச் சோறு இறங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். நடந்தது நடந்துவிட்டது. இனிமேல் என்ன என்று பார்ப்போம். 2 வயது முடிகிற வரை திரையே வேண்டாம், 5 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் அறிவுரை. இதில் காரணம் கண் மட்டுமில்லை. 2003-இல் வெளியான ஒரு ஆய்வை நான் எல்லாப் பெற்றோருக்கும் சொல்வேன். அமெரிக்காவில் பட்ரீஷியா கூல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். ஒரு கூட்டத்துக்குச் சீன மொழிக்காரர் நேரில் உட்கார்ந்து பொம்மை காட்டி, கதைப் புத்தகம் படித்தார். இன்னொரு கூட்டத்துக்கு அதே பேச்சு டிவி திரையில். 12 அமர்வு முடிந்தபோது, நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் நுணுக்கமான ஒலி வித்தியாசத்தைப் பிடித்திருந்தார்கள். திரையில் கேட்டவர்கள் அந்த மொழியையே கேட்காத குழந்தைகளைப் போலவே இருந்தார்கள். கைக்குழந்தைக்கு ஒலி போய்ச் சேர ஒரு மனித முகம் வேண்டும்.

அப்படியென்றால் 'வாரர்' எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கொஞ்சம் வளர்ந்த பிறகு பிள்ளைகள் திரையிலிருந்து சொற்களை அப்படியே முழுசாகத் தூக்கிக்கொள்வார்கள். இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. 2021-இல் போர்ச்சுகலில், பிரேசில் நாட்டு யூடியூபரான லுக்காஸ் நெட்டோவின் வீடியோக்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பஸ்ஸுக்கும் புல்லுக்கும் பிரேசில் சொல்லையே சொல்கிறார்கள் என்று பெற்றோர் புலம்பியது அங்கே பெரிய செய்தியானது. அமெரிக்காவில் 'பெப்பா பிக்' கார்ட்டூன் பார்த்து பிரிட்டிஷ் உச்சரிப்பில் 'மம்மி' என்று கூப்பிடும் பிள்ளைகளைப் பற்றியும் எழுதினார்கள். இவையெல்லாம் சொல் அளவில் நிற்கிறவை. பள்ளியில் கூட விளையாடுகிற பிள்ளைகள் 'தண்ணி' என்று கேட்கத் தொடங்கினால் இவனும் கேட்பான். விளையாட அனுப்புங்கள். அதுதான் அவனுக்கு மருந்து.

சரி, மகளுக்கு வருகிறேன்.

அவளுக்குத் தெரபி தேவையில்லை. அதற்கான சாட்சியம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தம்பியோடு சண்டை போடும்போது பழைய பேச்சு வந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கோபத்தில் 'ஏல, தள்ளிப் போல' என்று அந்த ள அழகாக வந்து விழும், இல்லையா? அவள் நாக்கிலிருந்து எதுவும் போகவில்லை. 16 வருடம் பேசிய பேச்சு அப்படியே இருக்கிறது. அதன் மேல் இன்னொரு பேச்சைப் போட்டிருக்கிறாள், வீட்டுத் துணிக்கு மேல் யூனிஃபார்ம் மாதிரி.

அந்த இரண்டாவது பேச்சு இவ்வளவு சீக்கிரம் படிந்ததற்குக் காரணம் உண்டு. நம் காலத்தில் டிவி முன்னால் உட்கார்ந்து கேட்டோம், அவ்வளவுதான். நம்மைத் திரும்பப் பேசச் சொல்லி டிவி கேட்கவில்லை. ரீல்ஸ் கேட்கிறது. ஒரே ஆடியோவுக்கு ஆயிரக்கணக்கான பேர் வாயசைக்கிறார்கள். உங்கள் மகள் ஒரு 15 விநாடி வசனத்தைச் சரியாக எடுப்பதற்கு எத்தனை டேக் எடுக்கிறாள் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். இருபது, முப்பது முறை அதே ராகம், அதே இழுப்பு, அதே இடத்தில் மூச்சு. எடுத்ததும் தன் குரலைத் தானே போட்டுக் கேட்கிறாள். பிடிக்கவில்லை என்றால் திரும்ப எடுக்கிறாள். நான் என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் ஒரு ஒலியை இருபது முறை சொல்லச் சொன்னால் ஐந்தாவது முறையில் கொட்டாவி விடுவார்கள். கேட்பது, சொல்வது, பதிவு செய்து கேட்பது, திருத்துவது என்று நாங்கள் தொழிலாகச் செய்கிற பயிற்சி முழுவதையும் அவள் ஆசையோடு, தினமும், கூலி இல்லாமல் செய்துகொண்டிருக்கிறாள். 2020-இல் டிக்டாக் தடையாகி, அடுத்த சில வாரங்களில் ரீல்ஸ் வந்ததிலிருந்து இந்தப் பழக்கம் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் விட்டுப் போகவே இல்லை. அதோடு தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிறார்கள். அதில் பல்லிக்கும் பள்ளிக்கும் ஒரே எழுத்துக்கூட்டல். கண்ணுக்கும் அந்த வித்தியாசம் படுவதில்லை.

ஆனால் பயிற்சி மட்டும் இருந்தால் போதாது. அந்த மாதிரி ஆக வேண்டும் என்ற ஆசை வேண்டும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் ஜேன் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற மொழியியலாளர் பதின்வயதுப் பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார், 2013-இல் வெளியானது. லண்டன் உச்சரிப்பு அந்தப் பிள்ளைகளுக்குள் எப்படி நுழைந்தது என்பதுதான் கேள்வி. லண்டனில் நடக்கிற ஒரு டிவி தொடரில் மனசு ஒன்றிப் பார்த்த பிள்ளைகளிடம் அந்த உச்சரிப்பு அதிகம் தெரிந்தது. சும்மா டிவி ஓடிய வீட்டில் அது நடக்கவில்லை. அதிலும், டிவியைவிட அவர்கள் எந்தக் கூட்டத்தோடு சுற்றினார்கள், தெருவில் எப்படிக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டார்கள் என்பதற்குத்தான் இன்னும் அதிக இடம் இருந்தது.

இதற்கும் 50 வருடம் முன்னால், 1963-இல், வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் அமெரிக்காவில் மார்த்தாஸ் வினியார்ட் என்ற தீவைப் பற்றி எழுதினார். மீன்பிடிக்கிற தீவு. கோடைகாலத்தில் பணக்காரச் சுற்றுலாக்காரர்கள் வந்து நிறைவார்கள். தீவில் சில உயிரொலிகளைப் பழைய மாதிரியே சொல்கிற ஒரு பேச்சு இருந்தது. எந்த இளைஞர்கள் 'இந்தத் தீவுதான் என் வாழ்க்கை' என்று இருந்தார்களோ அவர்கள் வாயில் அந்தப் பழைய ஒலி கெட்டியாக இருந்தது. வெளியூர் போய்விட வேண்டும் என்று நினைத்தவர்களிடம் அது கரைந்திருந்தது. ஒரே பள்ளி, ஒரே தெரு. உங்கள் மகளும் பிளஸ் டூ முடித்து வெளியே போக வேண்டும் என்று கனவு காண்கிற பெண்ணாக இருக்கலாம். அவள் பேச்சு இப்போதே பெட்டி கட்டிக் கிளம்பியிருக்கிறது.

நானும் அப்படிக் கிளம்பியவள்தான். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து சென்னைக்குப் படிக்க வந்தேன். ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம், வார்டன் வந்ததைப் பார்த்து 'அவுக வந்துட்டாக' என்றேன். அறையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அன்று இரவு முழுக்க அந்தச் சிரிப்பு காதில் இருந்தது. இரண்டு மாதம் அதிகம் பேசாமல் கவனித்து, அவர்கள் பேச்சை அப்படியே பழகிவிட்டேன். அப்போது ரீல்ஸும் இல்லை, ஸ்மார்ட்போனும் இல்லை. நாலு பேர் சிரிப்பு போதுமாக இருந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது என் அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, 'ஏதாச்சும் சாப்புடுறியாமா, மெட்ராஸ் பிள்ள?' என்று கேட்டார். அதை நான் இன்று வரை மறக்கவில்லை.

அதனால்தான் உங்கள் மகளிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் புதுப் பேச்சு பழகுவதில் தவறே இல்லை. நேர்முகத் தேர்வுக்கு ஒரு பேச்சு, மேடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று மாற்றத் தெரிவது பெரிய திறமை. எனக்கு வலித்தது ஆச்சி விஷயம்தான். உச்சரிப்பு மாறுவதற்கும் ஒருவரை வாய் மூட வைப்பதற்கும் ரொம்ப தூரம்.

இனி நான் சொல்லப்போவதை என் சொந்தத் தங்கையிடம் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், ஊர்ப் பேச்சு வந்திருந்தால் மன்னிக்கவும், அது மட்டமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுக்கத் தேடினேன். ஊர்ப் பேச்சு ஒரு சொல்கூட இல்லை. வராத ஒன்றுக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். பள்ளியிலிருந்து போன் வந்தால் நீங்கள் குரல் மாற்றிப் பேசுவீர்களா? பெற்றோர் கூட்டத்தில் 'சொல்லுதான்' என்று வாயில் வந்ததை விழுங்கிவிட்டு 'சொல்றான்' என்று மாற்றுவீர்களா? எல்லோரும் செய்வதுதான். ஆனால் பக்கத்தில் நின்ற பெண் அதைப் பார்த்திருப்பாள். எந்தப் பேச்சுக்கு மரியாதை, எந்தப் பேச்சை மறைக்க வேண்டும் என்ற பாடம், அவள் கைக்குப் போன் வருவதற்கு முன்னாலேயே அவளுக்குக் கிடைத்துவிட்டது. ரீல்ஸ் அதற்கு வேகம் கொடுத்தது. போனைப் பிடுங்கினால் ரீல்ஸ் நிற்கும். அந்தப் பாடம் நிற்காது.

செய்ய வேண்டியது ஆச்சியிடமிருந்து தொடங்குகிறது. மகளுக்கு இப்போதைக்கு அறிவுரை எதுவும் வேண்டாம். அடுத்த முறை அவள் தோழிகள் வரும்போது, அத்தை எழுந்தால் நீங்கள் கூப்பிடுங்கள். எல்லோருக்கும் கேட்கும்படி, உங்கள் ஊர்ப் பேச்சிலேயே: 'அத்த, எங்க போறிய? இங்கன வந்து இருங்க. பிள்ளைய வந்திருக்காவ பாருங்க.' நீங்கள் அவர்களிடம் பேசிக்கொண்டே இருங்கள். அந்தத் தோழிகளும் அதே ஊர்ப் பிள்ளைகள்தானே, அவர்கள் வீட்டிலும் ஓர் ஆச்சி இதே பேச்சைப் பேசிக்கொண்டு இருப்பார்கள். அவர்களில் ஒருத்தி ஆச்சியிடம் வாய் கொடுத்துவிட்டால் போதும், உங்கள் மகளின் பாதி பயம் அன்றே போய்விடும்.

மகளிடம் தனியாக இருக்கும்போது ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள், கோபமில்லாமல்: 'நீ உன் இஷ்டப்படி பேசு. ஆச்சிய அப்படிச் சொன்னது மட்டும் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.' அதோடு நிறுத்திவிடுங்கள். உச்சரிப்பைச் சாப்பாட்டு மேசையில் திருத்தாதீர்கள், மற்றவர்கள் முன்னால் அவள் பேசுவதை நடித்துக் காட்டாதீர்கள். ஹாஸ்டலில் எனக்கு நடந்ததைத்தான் அப்போது நாம் அவளுக்குச் செய்வோம்.

அவளுக்கு வீடியோ எடுப்பதில் ஆர்வம் இருக்கிறது. அந்த ஆர்வம் நல்லது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்திலிருந்து ஒரு தாத்தாவும் பேரன்களும் தங்கள் ஊர்ப் பேச்சிலேயே சமைத்துக் காட்டிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-இல் 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது. அந்தச் சேனலில் யாரும் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. இதை அவளிடம் வாதமாக வைக்காமல், பேச்சுவாக்கில் சொல்லி வையுங்கள். ஆச்சி சொதி வைக்கும்போது பக்கத்தில் நின்று ஒலியை மட்டுமாவது பதிவு செய்து கொடு, அப்பாவுக்கு அனுப்பலாம் என்று கேட்டுப் பாருங்கள். எதிலும் போட வேண்டியதில்லை. அந்தப் பதிவைச் சரியாக வெட்டி ஒட்ட அவள் ஆச்சியின் குரலைப் பத்து முறை கேட்டாக வேண்டும். ஆச்சி எங்கே இழுக்கிறார்கள், எந்தச் சொல்லில் சிரிக்கிறார்கள் என்று காது பிடித்துக்கொள்ளும்.

மகனுக்கு ஆறு மாதம் கழித்து ள எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். புலி அட்டை, புளி அட்டை விளையாட்டை ஆச்சியோடு ஆட விடுங்கள், ஆச்சியின் ள-வைவிட நல்ல ள அவனுக்கு வேறு எங்கும் கிடைக்காது. அப்புறம், அடுத்த கடிதத்தை நீங்கள் பேசுகிறபடியே எழுதுங்கள். மன்னிப்பு வரி வேண்டாம்.